உல்லன் ஸ்வெட்டரும் மே மாத வெயிலும்

கேள்வி: நான் தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். கான்வென்ட்டில் படித்தபோது சிஸ்டர் ஒருவரிடம் இரண்டு ஊசிப் பின்னலும், ஒற்றைக் கொக்கி ஊசியில் போடும் குரோஷா பின்னலும் கற்றுக்கொண்டேன். வீட்டுக்காரர் விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறார். ராமேஸ்வரம் போகும் வழியில் போன வருடம் மே மாதம் பத்து நாள் கைவினைப் பொருட்காட்சி நடந்தது. எங்கள் மகளிர் குழு மூலம் எனக்கும் ஒரு ஸ்டால் கிடைத்தது. குழந்தை ஸ்வெட்டர் 14, குல்லா, சாக்ஸ், டேபிள் விரிப்பு எல்லாம் கொண்டுபோனேன். ஸ்வெட்டரில் மூன்றுதான் விற்றது. ஒரு ஸ்வெட்டருக்கு நூல் மட்டும் 210 ரூபாய், பின்ன 14 மணி நேரம் ஆகிறது. 450 ரூபாய் சொன்னால், “ஆன்லைனில் 250க்கு வருதே” என்று வைத்துவிட்டுப் போகிறார்கள். இந்த வருடமும் ஸ்டால் உண்டு, வாடகை 1,500. கையில் 8,000 ரூபாயும் பத்து வாரமும் இருக்கின்றன. விலையைக் குறைக்கட்டுமா? திருப்பூரிலிருந்து கொஞ்சம் ரெடிமேட் வாங்கி நடுவில் கலந்து வைக்கலாமா? பொம்மையும் பின்னத் தெரியும். என்ன செய்தால் நாலு காசு பார்க்கலாம்?

பதில்:

சகோதரிக்கு வணக்கம். விலையைக் குறைக்க வேண்டாம். ரெடிமேடும் வேண்டாம். மீதமிருக்கும் 11 ஸ்வெட்டரில் ஒன்பதை இந்த சீசனுக்கு மூட்டை கட்டி மேலே போட்டுவிடுங்கள், மற்ற இரண்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய கணக்கையே எடுத்துக்கொள்வோம். 450 ரூபாயில் நூலுக்கு 210 போனால் மிச்சம் 240. அதை 14 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 17 ரூபாய். வந்தவர்கள் கேட்டார்கள் என்று 350க்குக் கொடுத்திருந்தால் மணிக்கு 10 ரூபாய். 2025-26ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி ஒரு நாளைக்கு 336. எட்டு மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 42. அந்தக் கூலியாவது உங்கள் கைக்கு வர வேண்டுமானால் ஸ்வெட்டரை 800 ரூபாய்க்கு விற்க வேண்டும். மே மாத வெயிலில், ராமேஸ்வரம் சாலையில், உல்லன் ஸ்வெட்டருக்கு 800 ரூபாய் யார் கொடுப்பார்கள்? உங்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை, நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன், கழுத்துப் பட்டியை எடுத்திருக்கும் விதமே சொல்கிறது. ஆனால் 14 மணி நேரம் விழுங்கும் பொருளை அந்தக் கூட்டம் தாங்காது. எனவே இந்த வருடம் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடிகிற, வாங்கினவர் அன்றைக்கே பயன்படுத்துகிற பொருளாகப் பாருங்கள்.

ரெடிமேட் ஏன் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்துப் பொருளில் இரண்டு மெஷின் சரக்கு என்று ஒரு அம்மாவுக்குத் தெரிந்துவிட்டால் மீதி எட்டையும் அவர் நம்பமாட்டார். அதோடு, கைவினைப் பொருட்காட்சிகளில் வெளிச்சரக்கை வைக்கக் கூடாது என்று பொதுவாகவே நிபந்தனை போட்டிருப்பார்கள், ஸ்டால் ஒதுக்கீட்டுக் கடிதத்தை ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு, இது உங்களுக்குச் சாதகமானது. இரண்டு ஊசியில் நீங்கள் போடும் பின்னலை மெஷின் போடும். திருப்பூர் பனியன் துணி முழுக்க அந்தப் பின்னல்தான். ஆனால் குரோஷா ஊசியில் போடும் பின்னலை அப்படியே போட்டுத் தருகிற மெஷின் இன்றுவரை சந்தைக்கு வரவில்லை. கடையில் குரோஷா மாதிரித் தெரிகிற மெஷின் துணி கிடைக்கும், அது வேறு வகைப் பின்னல். அதனால் ஸ்டாலுக்கு முழுக்க முழுக்க குரோஷா. “இதுக்கு மெஷினே கிடையாதுக்கா, உலகத்துல எங்க பார்த்தாலும் கையாலதான்” என்று நீங்கள் சொல்வது வியாபாரப் பேச்சு இல்லை, உண்மை. ஆன்லைன் விலையைச் சொல்பவர்களுக்கு அந்த ஒரு வரி போதும். மேற்கொண்டு வாதாடாதீர்கள். பொருளைக் கையில் கொடுத்துவிட்டு உங்கள் பின்னலைத் தொடருங்கள்.

சரி, என்ன பின்னுவது? அந்த வழியில் யார் வருகிறார்கள் என்று பார்த்தால் பாதி விடை வந்துவிடும். 2022 டிசம்பரிலிருந்து பாம்பன் பாலத்தில் ரயில் ஓடவில்லை. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதிய பாலம் திறந்த பிறகு ரயில் கூட்டம் திரும்பியிருக்கிறது. பள்ளி விடுமுறைக் குடும்பங்கள், வடக்கிலிருந்து வரும் யாத்திரைக்காரர்கள், பேக்கரும்பில் கலாம் நினைவிடம் பார்த்துவிட்டு வருகிறவர்கள். கோவிலில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத் துணியை ஒரு பாலிதீன் கவரில் திணித்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் தண்ணீர் பாட்டில். வெயில் மண்டையைப் பிளக்கும். இவர்களுக்கு உடனே வேண்டியவை இரண்டு: பாட்டிலைத் தோளில் மாட்ட ஒரு உறை, ஈரத் துணியைப் போட ஒரு வலைப்பை.

பாட்டில் உறையை முதலில் சொல்கிறேன், உங்கள் ஸ்டாலைத் தாங்கப் போவது அதுதான். ஒரு லிட்டர் பாட்டிலுக்கு அளவெடுங்கள். அடிப்பக்கத்தை வட்டமாக, நெருக்கமாகப் போட்டு, பக்கங்களை ஓட்டைப் பின்னலாக விடுங்கள். நூலும் மிச்சம், நேரமும் மிச்சம். பழகிவிட்டால் இரண்டு மணி நேரத்தில் ஒன்று முடியும். ஆனால் வாரில் கவனம் வேண்டும். பருத்தி நூல் வார் பாட்டில் கனத்தில் இழுபட்டுக்கொண்டே போகும். காலையில் இடுப்பில் இருந்த பாட்டில் சாயங்காலம் முழங்காலைத் தட்டும். வாங்கினவர் அன்றைக்கே உங்களைத் திட்டுவார். அதனால் வாரை நீளவாக்கில் நெருக்கமாகப் போட்டு, உள்பக்கம் அரை அங்குலப் பருத்தி நாடாவை வைத்துத் தைத்துவிடுங்கள். தையல்காரரிடம் எல்லா வாரையும் மொத்தமாகக் கொடுத்தால் ஒரு பொழுதில் முடித்துத் தருவார். பிறகு ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி உறையில் போட்டு, ஒரு இரவு முழுக்க ஆணியில் தொங்கவிடுங்கள். காலையில் வார் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளந்து பாருங்கள். இரண்டு விரற்கடைக்கு மேல் போயிருந்தால் நாடாவைப் பிரித்து இறுக்கித் தையுங்கள்.

அடுத்தது வலைப்பை. இதற்குத்தான் வீட்டுக்காரர் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். உங்கள் பொருட்காட்சி அதன் நடுவில் வருகிறது. அந்த நாட்களில் படகு கரையில், அவர் வலை சரிபார்த்துக்கொண்டு வீட்டில். வலை முடிச்சு போடுகிற கைக்கு ஒரு பையின் உடம்பைப் போடுவது பெரிய வேலையே இல்லை. குரோஷாவைவிட வேகமாக ஓடும், எவ்வளவு கனம் வைத்தாலும் முடிச்சு நகராது. புது பருத்திக் கயிறும் வலை ஊசியும் எடுத்துக் கொடுங்கள். கண் அளவு இரண்டு விரல் போகிற மாதிரி இருந்தால் போதும், அதற்கு மேல் போனால் உள்ளே போடுகிற கைக்குட்டை வெளியே எட்டிப் பார்க்கும். அவர் உடம்பைப் போட்டுத் தர, வாயையும் கைப்பிடியையும் நீங்கள் குரோஷாவில் முடியுங்கள். ஆளுக்கு ஒன்றரை மணி நேரம். ஈரத் துணிக்கு வாங்குவார்கள். ஊருக்குப் போனதும் அதிலேயே வெங்காயம் தொங்கவிடுவார்கள், சந்தைக்கும் கொண்டுபோவார்கள். பழைய வலையை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள், எத்தனை தரம் துவைத்தாலும் அந்த வாடை போகாது. ஒரு அட்டையில் “தடைக்காலத்தில் தங்கச்சிமடம் மீனவர் போட்ட வலை, அவர் மனைவி போட்ட குரோஷா” என்று எழுதிப் பைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். ஆன்லைனில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காத பொருள் இது. அவர் சம்மதித்தால் மாலை ஒரு மணி நேரம் ஸ்டாலில் உட்கார்ந்து போடட்டும். கூட்டம் தானாகவே நிற்கும்.

சின்னப் பொருள் இல்லாமல் ஸ்டால் ஓடாது. தலைமுடிக்குப் போடும் ஸ்க்ரஞ்சி 20 நிமிடத்தில் ஆகும், 40 ரூபாய். விடுமுறைக்கு வரும் பெண் பிள்ளைகள் பெரியவர்களிடம் கேட்காமலேயே எடுக்கிற விலை. கடல் ஆமை, ஆவுளியா வடிவத்தில் கீ செயின் போடுங்கள், 90 ரூபாய். கடல்பசுவை உங்கள் பக்கம் ஆவுளியா என்பதுகூட வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. “அது என்ன?” என்று கேட்பார்கள், நீங்கள் சொல்வீர்கள், அதற்குள் பர்ஸ் திறந்திருக்கும். ஊர் ஞாபகத்துக்கு ஒன்று கொண்டுபோக வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்குச் சங்குக் கடைதான் இதுவரை இருந்தது.

சங்கு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். குரோஷாவில் சிப்பி, சோழி கோத்தால் அழகாக இருக்கும், கோத்துக்கொள்ளுங்கள். ஆனால் கரையில் கிடக்கிறதே என்று பவளப்பாறைத் துண்டைப் பொறுக்கிக் கோக்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986லிருந்து கடல் தேசியப் பூங்கா. பவளம் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. செத்த துண்டாக இருந்தாலும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். கடல்குதிரையும் அப்படித்தான். சிப்பி, சங்கு வகையிலும் சில அந்த அட்டவணையில் உண்டு, அதனால் தெரிந்த கடையில் பில் போட்டு வாங்கிய சோழியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பொம்மையைக் கேட்டிருந்தீர்கள். பலருக்குத் தெரியாத ஒரு சிக்கல் அதில் இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கையால் பின்னியது என்பதற்காக மட்டும் விலக்கு கிடையாது. ஆனால் மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் கைவினைப் பொருட்கள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர் தானே செய்து விற்கும் பொம்மைக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பதிவுக்குக் கைவினைஞர் அடையாள அட்டை தருவார்கள். உங்களிடம் அட்டை இருப்பதாகத் தெரியவில்லை. இப்போதே விண்ணப்பம் போடுங்கள், மாவட்டத் தொழில் மையத்திலும் மகளிர் திட்ட அலுவலகத்திலும் வழி கேட்கலாம். அட்டை கைக்கு வரும்வரை குழந்தைப் பொம்மையை ஸ்டாலில் வைக்க வேண்டாம். கீ செயினையும் குழந்தை விளையாட என்று சொல்லி விற்காதீர்கள், அது பெரியவர்கள் சாவிக்கு. அட்டை வந்து பொம்மை போடும்போது கண்ணுக்கு பட்டன், மணி எதுவும் ஒட்டாமல் கருப்பு நூலால் தையுங்கள். குழந்தை கடித்துப் பிடுங்கி விழுங்கினால் மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும்.

இனி நூல். உல்லன் என்று நம் கடைகளில் விற்பதில் பெரும்பாலானது ஆட்டு ரோமம் கிடையாது, அக்ரிலிக். அதாவது ஒரு வகை பிளாஸ்டிக். வியர்வையை உறிஞ்சாது, கடற்கரைப் புழுக்கத்தில் கையில் எடுத்தாலே பிசுபிசுக்கும். சூட்டில் உருகும் என்பதால் அதில் பாத்திரம் இறக்கும் பிடிதுணி, சூடான பாத்திரம் வைக்கும் தட்டு விரிப்பு எதுவும் பின்னக் கூடாது. முழுக்கப் பருத்திக்கு மாறுங்கள். சின்ன உருண்டையாக வாங்கினால் கட்டாது, கோனாக எடையில் வாங்க வேண்டும். ஈரோடு, கரூர் பக்கம் ஆள் இருந்தால் நல்லது. இல்லையென்றால் மதுரைக்குப் போகிற அன்று விளக்குத்தூண் பக்கத்து மொத்தக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஒரு நிறத்தில் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவையும் ஒரே லாட்டில் எடுங்கள். அடுத்த தடவை வாங்கும் அதே நீலம் அதே நீலமாக இருக்காது. அடர் சிவப்பு, மெரூன், கருநீலம் மூன்றும் சாயம் விடும் நிறங்கள். ஒரு முழம் நூலை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள், கறை பட்டால் அந்தக் கோனை வாங்க வேண்டாம். ஈரத் துணிப் பைக்கு வெள்ளையும் மணல் நிறமும் போதும்.

8,000 ரூபாய்க்கும் ஒரேயடியாக நூல் வாங்கிக் குவிக்காதீர்கள். முதலில் 3,000க்கு வாங்கி நான்கு வாரம் பின்னுங்கள். எது கைக்கு வேகமாக வருகிறது என்று அப்போது தெரியும், மீதிக்கு அதற்கேற்ப வாங்கலாம். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வருமே, அதை நூலில் போடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது அந்த இரண்டு மாத அரிசி, பருப்புக்கான பணம். அதைத் தொட வேண்டாம்.

உங்கள் ஊர்க் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் பின்னலுக்கு அது என்ன செய்யும் என்று சொல்லலாம். விலைச்சீட்டை சேஃப்டி பின்னில் குத்தி மாட்டாதீர்கள். உப்புக் காற்றில் இரண்டே நாளில் பின் துருப்பிடிக்கும். வெள்ளைப் பருத்தியில் பின் இருந்த இடத்தில் காவி நிறத்தில் இரண்டு புள்ளி விழும். துருக்கறை சோப்புக்குப் போகாது, அந்தப் பை அத்தோடு போச்சு. அட்டையில் துளை போட்டு அதே நூலால் கட்டுங்கள். தொங்கவிடும் கொக்கியும் இரும்பாக இல்லாமல் பிளாஸ்டிக்காகவோ மரக்குச்சியாகவோ இருக்கட்டும். அப்புறம் வாடை. வீட்டில் கருவாடு இருந்தால் பருத்தி நூல் அதைக் குடித்துவைக்கும். உங்களுக்கு அது தெரியாது, பழகிய மூக்கு. மதுரைக்காரர் பையை எடுத்த வேகத்தில் வைத்துவிடுவார், காரணமும் சொல்லமாட்டார். முடித்த பொருளை எல்லாம் மென்மையான சோப்பில் அலசி, நிழலில் காயவைத்து, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு பிடி வெட்டிவேரோடு வையுங்கள். நாப்தலின் உருண்டை வேண்டாம், அந்த வாடைக்கும் ஆட்கள் ஓடுவார்கள். ஸ்டாலுக்குக் கிளம்பும் முன் பக்கத்து ஊர்த் தோழி யாரையாவது கூப்பிட்டு டப்பாவைத் திறந்து முகரச் சொல்லுங்கள்.

ஸ்டாலைப் பொறுத்தவரை, பொருளை மேஜையில் படுக்கப் போடாதீர்கள். மடித்து வைத்த பை யார் கண்ணிலும் படாது. பாட்டில் உறைக்குள் பாட்டிலைப் போட்டு, வலைப்பைக்குள் ஒரு துண்டைப் போட்டுத் தொங்கவிடுங்கள், கண் உயரத்தில். முன்வரிசையில் ஸ்க்ரஞ்சியும் கீ செயினும். காற்று கூடினால் பாலத்தில் ரயிலையே நிறுத்திவைக்கிற ஊர் உங்களுடையது. கச்சான் காற்று வீசுகிற நாளில் தொங்குவதெல்லாம் பறக்கும், அடியில் ஒரு கயிறு ஓடவிட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். சாயங்காலம் மணலை உதற மறக்க வேண்டாம். பகல் பன்னிரண்டிலிருந்து நாலு வரை ஈ காக்கை வராது. அந்த நேரத்தில் உள்ளே உட்கார்ந்து பின்னலாம். மாலை நாலரைக்கு மேல்தான் வியாபாரம். மஞ்சள் பல்பின் கீழே உங்கள் வெள்ளைப் பை பழுப்பாகத் தெரியும், ஒரு வெள்ளை எல்இடி பல்பைக் கையோடு கொண்டுபோங்கள்.

எல்லாவற்றிலும் விலை எழுதியிருக்க வேண்டும். விலை கேட்கக் கூச்சப்பட்டே பாதிப் பேர் நகர்ந்துவிடுகிறார்கள், வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு மொழிச் சிக்கலும் உண்டு. எண்ணை யாரும் படிப்பார்கள். பேரம் பேசுவார்கள், பேசட்டும். 250ஐ 200 ஆக்கினீர்கள் என்றால் பக்கத்தில் நிற்பவர் 150 கேட்பார். விலையில் இறங்காமல் கொசுறு கொடுங்கள். மிச்ச நூலில் ஐந்து நிமிடத்தில் போட்ட ஒரு சின்னப் பூ, “இது பாப்பாவுக்கு” என்று. செலவு ஒரு ரூபாய்கூட வராது. யுபிஐ அட்டை உங்கள் கணக்குக்கா, குழுவின் கணக்குக்கா என்று முதலிலேயே குழுவில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். பிறகு பேசினால் மனவருத்தம் வரும். கூட்ட நேரத்தில் நெட் படுத்துவிடும், பத்து இருபது ரூபாய்ச் சில்லறை தயாராக இருக்கட்டும். ஜிஎஸ்டி பதிவு வேண்டுமா என்று பயப்படுகிற பெண்கள் அதிகம். மாநிலத்துக்குள் பொருள் விற்றால் வருட விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்வரை தேவையில்லை. அந்த நிலை வந்தால் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.

இப்போது மொத்தக் கணக்கு. தினம் மூன்று மணி நேரம், பத்து வாரத்துக்கு 210 மணி நேரம் கிடைக்கும். பாட்டில் உறை 40 போட 80 மணி. வலைப்பை 15, இரண்டு பேர் கையையும் சேர்த்து 45 மணி. ஸ்க்ரஞ்சி 60க்கு 20 மணி. கீ செயின் 30க்கு 22, 23 மணி. அலச, காயவைக்க, நாடா தைக்க, சீட்டுக் கட்ட மீதி நாற்பது மணியும் சரியாகப் போகும். பாட்டில் உறை 250, வலைப்பை 400, மற்ற இரண்டும் மேலே சொன்ன விலை. எல்லாம் விற்றால் 21,100 ரூபாய். நூல், நாடா, எலாஸ்டிக், வளையம் எல்லாவற்றுக்கும் 6,000 ரூபாய்க்குள் அடக்கப் பாருங்கள். வாடகை 1,500. அட்டை, பை, பல்புக்கு மீதி 500. உங்கள் 8,000 அதோடு சரி.

ஆனால் எல்லாம் விற்காது. மூன்றில் இரண்டு பங்கு போனால் நல்ல பொருட்காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். 14,000 வரும், போட்டது போக கையில் 6,000. மணிக்குப் பார்த்தால் 28, 29 ரூபாய்தான். ஸ்வெட்டரைவிட மேல், நூறு நாள் கூலியைவிடக் கீழ். மீதி மூன்றில் ஒரு பங்கும் விற்ற பிறகுதான் மணிக்கு 62 ஆகும். ஸ்டாலில் உட்கார்ந்திருக்கும் நேரத்தை இதில் நான் சேர்க்கவில்லை. அதனால் மிச்சப்பட்டதைப் பத்தாம் நாள் சாயங்காலம் பாதி விலைக்குத் தள்ளிவிடாதீர்கள். பருத்திப் பை கெட்டுப் போகிற சரக்கு இல்லை. ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் கடற்கரை கொள்ளாத கூட்டம் வரும், எல்லோரும் நனைந்துதான் திரும்புவார்கள். வலைப்பைக்கு மே மாதத்தைவிட அதுதான் சரியான நாள். ராமநாதபுரத்தில் இருக்கும் மகளிர் திட்டத்தின் பூமாலை வணிக வளாகத்தில் சரக்கை வைக்க இடம் உண்டா என்று குழு மூலம் கேளுங்கள்.

அடுத்த வருடத்துக்கு ஒரு யோசனை. சாயல்குடி, சிக்கல் ஊர்கள் பக்கம் பனை ஓலையில் கொட்டான் என்கிற சின்னப் பெட்டி முடைகிறவர்களிடம் மூடியில்லாத வெறும் கொட்டானாக வாங்கி, விளிம்புக்கு மட்டும் குரோஷா போட்டுப் பாருங்கள். உடம்பு ஓலை என்பதால் உங்கள் நேரம் அரை மணிதான் ஆகும். முதலில் ஐந்து போட்டு, எவ்வளவு விலைக்குக் கேட்கிறார்கள் என்று பாருங்கள்.

அந்த 11 ஸ்வெட்டர்? இரண்டை மட்டும் ஸ்டாலுக்குள் பின்பக்கம் மாட்டிவையுங்கள், “ஆர்டருக்கு மட்டும், 800 ரூபாய்” என்ற சீட்டோடு. கொடைக்கானல், ஊட்டி, பெங்களூர் பக்கத்திலிருந்து வருகிறவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு, கைப்பின்னலின் அருமை தெரிந்தவர் எப்போதாவது ஒருவர் நிற்பார். அவரிடம் பாதிப் பணம் முன்பணமாக வாங்கிக்கொண்டு, குழந்தையின் மார்பளவையும் போன் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மற்ற ஒன்பதையும் கார்த்திகையில் கீழே இறக்குங்கள். நம் ஊரில் 25 டிகிரிக்கு இறங்கினாலே மங்கி கேப் தேடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். மார்கழியில் பிறக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் மூன்றையும் சேர்த்து ஒரு செட்டாகப் பெட்டியில் போட்டுக் கொடுங்கள். அப்போதும் 450க்குக் கொடுக்காதீர்கள்.